முதல் இழுப்பு

இஸ்கந்தரியாவில் இன்று தெருவுக்குத் தெரு வேப் கடை, மின் சிகரெட் கடை. கண்ணாடி அலமாரி, நீல விளக்கு, காது கிழிகிற பாட்டு. உள்ளே போய், "டேங்கைப் பிரித்துக் கம்பிச் சுருள் காயில் கட்டித் தருவீர்களா" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். உறிஞ்சித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் குச்சி ஒன்றை நீட்டுவான். பஹ்ரிப் பேட்டையில், மீன் சந்தைக்குத் திரும்பும் தெருவில், ஸர்வத்தின் கடையில் மட்டும் அந்த வேலைக்கென்று ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் உண்டு. ஆறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். உஸ்தா ஷவ்கி, ஷவ்கி மேஸ்திரி, கட்டினால் காயிலுக்குள் போகும் பஞ்சுத் திரி கருகாது, ஜூஸ் நிற்கும் டேங்க் ஒழுகாது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் பெருமை நாறிப்போய் ரொம்ப நாளாயிற்று.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவன்தான் முதலில் இழுக்க வேண்டும். என் கழுத்துச் சங்கிலியில் எனக்கென்று ஒரு வாய்க்குழல் தொங்கும், தேன் நிறத்தில் கடைந்தது. டேங்கைக் கட்டி முடித்ததும் வந்தவருடைய வாய்க்குழலைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் சொருகி, அவர் கண்ணெதிரே நீளமாக ஓர் இழுப்பு இழுப்பேன். கருகல் வாடை இருந்தால் அப்போதே பிரித்து மறுபடி கட்டுவேன். இல்லையென்றால் தலையை ஆட்டி, "இனிக்கட்டும்" என்று சொல்லிக் கையில் கொடுப்பேன். கொடுத்த பிறகு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னை முகத்துக்கு நேரே பொய்யன் என்றதாக ஆகிவிடும். கடைசியில் ஒரு சின்ன பிளாஸ்டரைக் கிழித்து டேங்க் உட்காரும் பேட்டரி மெஷினின் முதுகில் ஒட்டி, எத்தனை வாட் சூடு வரை போகலாம் என்று எழுதுவேன். அதைத் தாண்டினால் பொறுப்பு அவருடையது, தாண்டாதவரை என்னுடையது.

நஷாத்தின் மெஷினில் பதினெட்டு என்று எழுதியிருந்தேன்.

நஷாத் மீன் ஏலம் விடுகிறவன். விடியற்காலையில் அவன் தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தில் கட்டியிருக்கிற படகில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். எனக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் பிடிப்பான். ஒருநாள் சூரை மீன் கூடைகளுக்கு நடுவே ஏலம் சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் கம்பி வைத்தார்கள். இன்னொரு தடவை சிகரெட்டைத் தொட்டால் அடுத்த தடவை எங்களிடம் கொண்டுவர வேண்டாம், நேரே குளிப்பாட்டக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் அவன் மனைவி இன்ஸாஃபிடம் சொன்னார். அவன் தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டையைப் போட்டுப் பார்த்தான், சூயிங்கம் மென்று பார்த்தான். பதினோராவது நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஆம்பளை, ஓவென்று அழுதான்.

"ஏதாவது பண்ணுடா ஷவ்கி. செத்தாலும் பரவால்லன்னு தோணுது. அவ பாவம்டா."

பண்ணினேன். இருக்கிறதிலேயே சின்ன டேங்க், ஒற்றைக் காயில். காற்று வளையத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரே ஓட்டை. காற்று குறைந்தால்தான் சிகரெட் மாதிரி வாயில் இறுக்கமாக இழுபடும். பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டுக் குபுகுபுவென்று ஊதுவது சின்னப் பையன்களுக்கு. ஆனால் காற்று குறைகிற இடத்தில் காயில் சூடு ஏறும், திரி சட்டென்று ஜூஸை ஏற்றித் தர வேண்டும். அவனோ ஏலக்காரன், அவனுடைய ஓர் இழுப்பு மற்றவர்களுக்கு மூன்று இழுப்பு. அதனால் ஜப்பான் பஞ்சு போட்டு, நுனியைச் சீவி, இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் பள்ளத்தில் உட்கார வைத்தேன். ஜூஸ் வெறும் புகையிலை ருசி. மாம்பழமும் புதினாவும் அவனுக்குப் பிடிக்காது.

முதல் இழுப்பு நான் இழுத்தேன். அடுத்தது அவன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தான்.

"அடப்பாவி, இத முன்னாடியே பண்ணியிருந்தா என் நெஞ்சுல ரெண்டு கம்பி மிச்சமாயிருக்கும்ல?"

அன்றிலிருந்து அவன் சிகரெட்டைத் தொடவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை திரி மாற்ற வருவான். ஒரு வருஷம் ஆனது, ஒன்றரை வருஷம் ஆனது. இன்ஸாஃப் பெருநாளுக்கு என் வீட்டுக்குத் தட்டு நிறைய கஹ்க் பிஸ்கட் கொடுத்தனுப்பினாள். என் புருஷன் உயிரை இந்த மனுஷன் கையில் வைத்திருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

கடல் பொங்கிக் கரையோர ரோட்டில் ஏறுகிற மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுக்கை. எழுந்தபோது காப்பியில் வாசனை இல்லை. பால் கெட்டுப்போயிருக்கும் போல என்று நினைத்து வெறும் காப்பி போட்டேன். அதிலும் இல்லை. சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்தேன், வெங்காயத்தைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. உப்பு தெரியும், இனிப்பு தெரியும், மற்றதெல்லாம் பச்சைத் தண்ணீர். வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். அதற்கு எதற்கு டாக்டர்? பிரிந்துபோன மனைவி நாலு வருஷமாக அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். கெட்டுப்போன சோற்றை நான் தின்றாலும் கேட்க வீட்டில் ஆளில்லை.

பத்தாவது நாள் கடைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? காயில் சுற்றக் கை இருக்கிறது, பார்க்கக் கண் இருக்கிறது. கம்பி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே மாதிரி சிவக்கிறதா என்று கண் சொல்லும். ஜூஸ் ஊறின திரி சூட்டில் பொரிகிற சத்தத்தைக் காது சொல்லும். இருபது வருஷம் கார் எஞ்சின் பிரித்தவன் இரைச்சலை வைத்தே கோளாறைச் சொல்வதில்லையா, அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் இழுப்பு இழுத்தேன். தலையை ஆட்டினேன். இனிக்கட்டும் என்றேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் போனதும் நானே மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். பொய்யைத் தினமும் பத்துத் தடவை செய்தால் அதுவும் வேலையாகிவிடுகிறது.

அந்த நேரத்தில்தான் ஜப்பான் பஞ்சு வருவது நின்றது. இருந்த பொட்டலங்களை ஸர்வத் உள்ளே வைத்துப் பூட்டினான். மறுநாள் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தான்.

"எதுக்குய்யா ஜப்பான்காரன் கால்ல விழணும்? நம்ம நாட்டு டெல்டாப் பஞ்ச உலகமே தலைல தூக்கி வெச்சு ஆடுது. நாம அத விட்டுட்டு அவன்கிட்ட கை நீட்டுறோம். நாம கேனப்பயலுகளா?"

"பச்சைப் பஞ்சுல எண்ணெய்ப் பசை இருக்கும் ஸர்வத். ஜூஸ குடிக்காது. சலவை சோடா போட்டு ரெண்டு மணி நேரம் வேக வைக்கணும், அலசி மறுபடி வேக வைக்கணும்."

"என் அக்கா வேக வெப்பா. கல்யாணத்துக்கு அம்பது ஆட்டுத் தல வேக வெச்சவ, பஞ்சு வேக வெக்க மாட்டாளா?"

முதல் தடவை வந்த பஞ்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு சொட்டு ஜூஸ் விட்டால் விட்ட இடத்தில் காணாமல் போனது. மிச்சமிருக்கிற ஜப்பான் பஞ்சு அறுபது வாட், எண்பது வாட் ஆசாமிகளுக்கு, நாட்டுப் பஞ்சு குறைந்த சூட்டுக்காரர்களுக்கு என்று ஸர்வத் பிரித்தான். பதினெட்டு வாட்டுக்கு ஜப்பான் எதற்கு என்று கேட்டான். எனக்கும் சரியென்று பட்டது. மூன்றாவது தடவை வந்த பஞ்சில் சொட்டு உடனே இறங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் முத்து மாதிரி மேலே நின்றுவிட்டு அப்புறம் இறங்கியது. பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன். பழைய ஷவ்கியாக இருந்தால் ஒரு திரி கட்டி இழுத்துப் பார்த்து மூட்டையோடு தெருவில் எறிந்திருப்பான். இந்த ஷவ்கி இழுத்துப் பார்த்து என்ன கிழிக்கப் போகிறான்? இறங்கிவிட்டதே, போதும் என்று டப்பாவை மூடினேன்.

மற்றவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. குறைந்த சூட்டில் இழுக்கிற மற்ற எல்லோரும் ஐஸ் புதினா ஆட்கள். அந்த ஜூஸில் டயரைக் கொளுத்தினாலும் தெரியாது. வெறும் புகையிலை ருசி நஷாத் ஒருத்தன்தான்.

மார்ச் மாதம், கடையில் ஐந்தாறு பேர் இருந்த நேரம், வந்தான்.

"ஷவ்கி, இதுல என்னமோ சரியில்லடா. காகிதம் எரிஞ்ச மாதிரி இருக்கு. தொண்டை கமறுது."

டேங்கை வாங்கினேன், என் வாய்க்குழலைச் சொருகினேன், இழுத்தேன். சூடான காற்று உள்ளே போனது. அவ்வளவுதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸர்வத்தும் பார்த்தான். தெரியலடா, எனக்கு மூக்கும் நாக்கும் போய் ரெண்டு மாசம் ஆச்சு, இன்னொருத்தர இழுத்துப் பாக்கச் சொல்லு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னது வேறு.

"டேங்க்ல ஒண்ணுமில்ல. உன் நாக்குதான் செத்துப்போச்சு."

"என்னது?"

"வாரத்துக்கு மூணு தடவ ஃபஸீக் தின்னா நாக்கு என்னத்துக்கு ஆகும்? உப்புல ஊறி நொதிச்ச மீனு, போற வழியில இருக்குறதெல்லாம் அவிஞ்சுதான போவும்? நாய் கூட மோந்து பாத்துட்டு ஓடுது, இவன் எலுமிச்ச புழிஞ்சு அடிக்கிறான். இப்ப பழி என் திரி மேல."

கடையே சிரித்தது. ஸர்வத் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நஷாத்தும் சிரித்தான். பாவி, அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

"அப்படியுமா ஆகும்?"

"வேப் இழுக்குறவனுக்கு வர்ற நோய்டா அது. நாக்கு மரத்துப் போகும், நல்லதும் கருகினதா தெரியும். ஃபஸீக்க விடு. தண்ணி குடி. தானா சரியாயிடும்."

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் இழுத்துப் பார்த்துவிட்டேன், தலையை ஆட்டிவிட்டேன். அதற்கு மேல் அவன் என்ன சொல்ல முடியும்?

ஏப்ரலில் வந்தபோது மெதுவாக, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "இன்னும் அப்படியேதான்டா இருக்கு" என்றான். என் பக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று உள்ளே ஒரு நமைச்சல் எனக்கும் இருந்ததால் பதினெட்டை அடித்துப் பதினாறு என்று எழுதினேன். அடுத்த தடவை பதினாலு. காற்று வளையத்தில் இன்னும் ஒரு ஓட்டை திறந்துவிட்டேன், சூடு ஆறட்டும் என்று. திரி மட்டும் அதே டப்பாவிலிருந்து. கோடையில் பதினொன்றுக்கு இறக்கினேன். பதினோரு வாட்டில், திறந்த காற்றில் என்ன வரும்? பெருமூச்சு வரும். மூன்று பாக்கெட் பிடித்த நெஞ்சுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் கருகல் குறைந்தது போல என்று அவன் சொன்னான். நானும் பார்த்தாயா என்றேன்.

அதற்கு நடுவில், ஷம்முன்னஸீம் அன்று, ஊரே புல்தரையில் பாயை விரித்து ஃபஸீக்கும் வெங்காயத்தாளும் தின்கிற வசந்த நாளில், கடற்கரையில் அவர்கள் குடும்பத்தைப் பார்த்தேன். எல்லோர் கையிலும் மீன். நஷாத் மட்டும் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடா, விட்டுட்டேன்" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "பிறந்ததுலேருந்து ஒரு வருஷம் கூடத் தப்புனதில்ல. உன் பேச்ச கேட்டு விட்டுட்டேன். நாக்கு திரும்பி வரலன்னா உன்ன ஏலத்துல விட்டுருவேன்."

"உன்ன மாதிரி ஏலக்காரன் விட்டா நல்ல விலைக்குப் போவேன்" என்று நானும் கத்தினேன். நடந்து போகும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவன் நம்பிவிட்டான் என்ற நிம்மதி.

பதினொன்றுக்கு இறக்கின பிறகு அவன் குறை சொல்லவே இல்லை. வருவான், திரி மாற்றுவான், நான் இழுத்துக் கொடுத்ததை வாங்கி ஓர் இழுப்பு இழுத்து, "நல்லாருக்கு" என்பான். சீக்கிரம் கிளம்பிவிடுவான். முன்பெல்லாம் டீ குடிக்காமல் போக மாட்டான்.

டிசம்பரில் ஒரு காலை, இறால் ஏலத்தில் விழுந்தான்.

இந்தத் தடவையும் பிழைத்தான், ஆனால் நெஞ்சில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்றார்கள். ஏலம் போச்சு. மாடிப்படி போச்சு. சந்தையில் அவன் அலமாரியைத் திறந்த இன்ஸாஃப், ரப்பர் பூட்ஸ் இரண்டுக்குள்ளும் சிகரெட் பாக்கெட்டுகளைப் பார்த்தாளாம். பார்த்ததும் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஜூன் மாதத்திலிருந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் பதினொன்றுக்கு இறக்கினேனே, அதே மாதம்.

கடைக்கு ஓடிவந்து டப்பாவைத் திறந்தேன். பஞ்சைப் பிய்த்து ஒரு சொட்டு விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அசையவில்லை. விரலால் தட்டினேன், மேஜை மேல் உருண்டு ஓடியது.

"இத எவ்வளவு நேரம் வேக வெச்சாங்க?" என்று கத்தினேன்.

ஸர்வத் அலட்சியமாகத் தோளைக் குலுக்கினான். "தெரியல. காஸ் சிலிண்டர் கிடைக்கல, அரை மணி நேரம் வெச்சிருப்பா. ஏன்?"

"ஏனா? அரை மணி நேரத்துல எண்ணெய் எப்படிடா போகும்? மனுஷன் ஒம்பது மாசமா கருகின பஞ்ச இழுத்திருக்கான்!"

"ஏய், என்கிட்ட ஏன் பாயுற? ஒவ்வொண்ணையும் மொதல்ல இழுக்குறது நீயா நானா? நீ இழுத்த, தலைய ஆட்டின. உஸ்தாவே ஆட்டிட்டாரு, அப்ப பஞ்சு நல்லாத்தான் இருக்குன்னு நான் அக்காகிட்ட சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவ நேரத்த கொறச்சா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான். அன்றே நாற்காலியை விட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். இன்னும் நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். நாட்டுப் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூட்டியிருந்த ஜப்பான் பொட்டலங்களை வாங்கிக் கட்டினேன். முதல் இழுப்பு இழுத்தேன். தலையை ஆட்டினேன்.

நஷாத்தைப் பார்க்க மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மறுபடியும் ஷம்முன்னஸீம் வந்தது. அன்று மத்தியானம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினேன். நேரே போவது, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவன் செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வது. வழியெல்லாம் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

இன்ஸாஃப் கதவைத் திறந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வாங்க உஸ்தா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுடைய உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போயிருக்க வேண்டும், மேஜையில் தட்டுகள் பரப்பிக் கிடந்தன. நஷாத் ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தான். பாதி ஆளாகியிருந்தான். நான் அவனுக்கு எதிரே, மேஜையை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்தேன். நின்றபடி சொல்வதாக இருந்தவன், உட்கார்ந்தேன்.

"வந்துட்டியா?" என்றான். அந்தத் தொண்டை ரகசியம் பேசுகிற தொண்டையாகிவிட்டது. "நாலு மாசம். நான் செத்து, மையத்தத் தூக்கத்தான் வருவன்னு நெனச்சேன்."

"அப்படிப் பேசாதடா. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு. மொதல்ல நான் ஒண்ணு கேக்கணும்." தலையணைக்கு அடியிலிருந்து மெஷினை எடுத்தான். முதுகில் பதினெட்டு, பதினாறு, பதினாலு, பதினொன்று என்று நான் அடித்து அடித்து எழுதின அதே பிளாஸ்டர். "டாக்டர் இதையும் தொடக் கூடாதுன்னுட்டாரு. தூக்கிப் போடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ நீ இழுத்துப் பாரு. உண்மையச் சொல்லு. இது கருகலா, இல்ல என் நாக்கா?"

பாருங்கள், அல்லா எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். என் மூக்கைப் பற்றி மூச்சுவிட வேண்டியதே இல்லை. திரி கருகியிருக்கிறது, பஞ்சு கெட்டது, ஸர்வத்தின் அக்கா அரை மணி நேரம்தான் வேக வைத்தாள். எல்லாம் உண்மை. உண்மையைத்தானே சொல்ல வந்தேன்?

என் வாய்க்குழலைச் சொருகினேன். நீளமாக இழுத்தேன். மூஞ்சியைச் சுளித்தேன், இருமினேன், தூ என்று கைக்குட்டையில் துப்பக்கூடச் செய்தேன்.

"சீ! கருகிப் போயிருக்குடா. நாத்தம் குடலப் புரட்டுது. நீ சொன்னது சரி. என் மேலயும் தப்பு இருக்கு, ஆனா பஞ்சு வாங்கினது அந்த ஸர்வத் பய..."

நஷாத் இன்ஸாஃபைப் பார்த்தான். இன்ஸாஃப் அவனைப் பார்த்தாள். எனக்கு எதுவும் புரியவில்லை.

"அந்தத் திரி நேத்து கட்டினது" என்றாள் இன்ஸாஃப். "ராம்ல் ஸ்டேஷன் பக்கம் தேடித் தேடி, கட்டத் தெரிஞ்ச ஒரு பையன்கிட்ட நானே கொண்டுபோய்க் கட்டி வாங்கினேன். அவன் மிச்சம் வெச்சிருந்த ஜப்பான் பஞ்சு. இவரு ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டு அழுதாரு. பழைய ருசி வந்துருச்சு, என் நாக்குக்கு ஒண்ணும் ஆகலன்னு அழுதாரு."

நான் மெஷினை மேஜை மேல் வைத்தேன்.

"காசுக்காகத் தெரிஞ்சே கெட்ட பஞ்சப் போட்டு என்ன ஏமாத்திட்டன்னு நெனச்சேன்" என்றான் நஷாத், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "நீ எப்ப வந்தாலும் உன் வாயாலயே வரவழைக்கணும்னு இருந்தேன். நல்லாத்தான் இருக்குன்னு நீ சொல்லுவன்னு பாத்தேன். ஆமா, நல்லாத்தான் இருக்கு, அப்ப இத்தன மாசம் எனக்குப் போட்டது என்னடான்னு கேக்கணும். நீ ஏன்டா இதப் போயி கருகல்ங்குற?"

இன்ஸாஃப் மெதுவாக என் பக்கம் வந்தாள். என் முழங்கைக்குப் பக்கத்தில், தட்டுகளுக்கு நடுவில் இருந்த ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். மூடி திறந்து கிடந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஃபஸீக். அதை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். நான் அவளையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"உள்ள வந்ததுலேருந்து பாக்குறேன்" என்றாள் அவனிடம், என்னைப் பார்க்காமல். "எங்க அண்ணன் வாசல்லயே மூக்கப் பொத்திக்கிட்டாரு. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல சாத்திட்டா. இவரு இதுக்குப் பக்கத்துலயே சாவகாசமா உக்காந்திருக்காரு. இவருக்கு ஒரு வாடையும் தெரியல."

நஷாத்துக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அவன் முகத்தில் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பலேருந்து?"

"போன வருஷம் ஜனவரி. அந்தக் காய்ச்சல்."

"அப்ப நான் மொத தடவ வந்து சொன்னப்பவே."

"ஆமா."

"அத்தன பேரு முன்னாடி என் நாக்கு செத்துப்போச்சுன்னியே."

"ஆமாடா."

"நானும் சிரிச்சேன்." அவன் மூச்சு இரைத்தது. இன்ஸாஃப் அவன் முதுகைத் தடவினாள், வேண்டாம், பேசாதீங்க என்றாள். அவன் அவள் கையை விலக்கினான். "எனக்கு மூக்கு போச்சுன்னு ஒரு வார்த்தடா. நானே உனக்கு இழுத்துப் பாத்துச் சொல்லியிருப்பேனே. தெனம் ஏலம் முடிஞ்சதும் கடைக்கு வந்து உக்காந்து, ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்து, நல்லதா கெட்டதான்னு உன் காதுல சொல்லியிருப்பேனே. யாருக்குடா தெரிஞ்சிருக்கப் போகுது?"

நான் அழுதேன். அவன் என் அழுகையைப் பார்க்கவில்லை, இன்ஸாஃப் கையில் இருந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி உப்பு அவனுக்கு விஷம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்தான், பசித்தவன் பார்க்கிற மாதிரி. இன்ஸாஃப் அதைக் கவனித்துவிட்டு ஜாடியை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"போன வருஷமாவது தின்னுருப்பேன்டா, ஷவ்கி" என்றான்.